பழைய கணினியும் ஒரு சிறு பெட்டியும்

பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு



நம் முன்னோர் வீட்டுப் பத்திரங்களையும் நகைகளையும் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினர். அதன்பின் இரும்புப் பீரோ வந்தது. திருமுழுக்குச் சான்று, திருமண ஆல்பம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் என எல்லாம் அதில் இடம்பெற்றன. இன்றோ காலம் மாறிவிட்டது. புதுநன்மைப் படமும் வீட்டுக் கணக்கும் அண்ணனின் கல்லூரிச் சான்றுகளும் கணினிக்குள் குடியேறிவிட்டன. பீரோவின் சாவி தொலைந்தால் பூட்டுக்காரரை அழைக்கிறோம். பீரோவையே தெருவில் எறிவதில்லை. ஆனால் கணினி நின்றுபோனால் மட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று கூடப் பாராமல் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். இது முறைதானா? இதைப் பற்றி எங்கள் மனத்தில் பட்டதை உங்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் வீட்டில் நடந்தது

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளம் எங்கள் வீட்டிற்குள்ளும் வந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள் ஊறிப்போயின. காயவைத்துப் பிரித்தபோது ஒரு பக்கத்தில் இருந்த முகங்கள் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தன. அம்மா ஒன்றும் பேசாமல் அவற்றைச் சாக்கில் கட்டினார்கள். மாடியில் மேசைமேல் இருந்த கணினி மட்டும் தப்பியது. எங்கள் குடும்பத்தின் பழைய படங்களில் எஞ்சியவை அதற்குள் இருந்தவை மட்டுமே.

அவற்றைவிட அருமையான ஒன்றும் அதில் இருந்தது. 2021-ஆம் ஆண்டில் மறைந்த எங்கள் ஆச்சி, கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து செய்யும் பக்குவத்தைச் சொல்லச் சொல்ல, அக்கா கைபேசியில் பதிவு செய்து கணினியில் ஏற்றி வைத்திருந்தாள். மூன்று நிமிடப் பதிவுதான். நடுவில் ஆச்சி, "இதையெல்லாமா புடிக்கிற?" என்று சிரிப்பார்கள். அந்தக் கைபேசி எப்போதோ உடைந்துபோயிற்று.

சென்ற ஆண்டு ஒரு நாள் கணினியின் பொத்தானை அமுக்கினோம், உயிர் வரவில்லை. பழுது பார்ப்பவர் வந்து பார்த்து, "மதர்போர்டு போய்விட்டது சார். பத்து வருடத்து மெஷின். இதற்கு இனிமேல் சாமான் கிடைக்காது. பழைய விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றார். அப்பாவும் தலையசைத்துவிட்டார்கள். அப்போது அம்மா சமையலறை வாசலில் நின்று, "கம்ப்யூட்டர் போனால் போகட்டும். அம்மா குரலும் சேர்ந்து போய்விடுமா?" என்று கேட்டார்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை.

மறுநாள் பள்ளியில் கணினி ஆசிரியையாகிய சிஸ்டரிடம் கேட்டோம். சிஸ்டர் சிரித்துவிட்டு, "வீடு இடிந்தால் பீரோவையும் சேர்த்தா தூக்கிப் போடுவீர்கள், பிள்ளைகளே? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கேஸில் போட்டுப் பாருங்கள்" என்றார்கள். அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரைக்கு வித்து.

வன்தட்டும் பெட்டியும்

கணினியில் நாம் சேமிப்பவை தங்கும் இடம் வன்தட்டு. பேச்சில் ஹார்ட் டிஸ்க். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 'ரமாக்' கணினியில்தான் முதல் வன்தட்டு இருந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் சுழன்றன. அதன் எடை ஒரு டன்னுக்கும் மேல். இவ்வளவு பெரிய இயந்திரம் கொண்டதோ சுமார் 50 லட்சம் எழுத்துகள்! இன்று கைபேசியில் எடுக்கும் இரண்டு படங்களுக்கே அந்த இடம் போதாமற்போகலாம். இன்றைய வன்தட்டு உள்ளங்கையில் அடங்குகிறது. பல்லாயிரம் படங்களை அது தாங்குகிறது.

கணினி நின்றுபோவதற்குக் காரணங்கள் பல. மின்வழங்கி கெடலாம், மதர்போர்டு கெடலாம், திரை கெடலாம். இவற்றுள் எது கெட்டாலும் வன்தட்டு நலமாகவே இருக்கக்கூடும். அதைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் வெறும் பெட்டி ஒன்றில் பொருத்தினால், யு.எஸ்.பி. கம்பி வழியாக வேறெந்தக் கணினியிலும் இணைத்துப் பார்க்கலாம். கடைக்காரர்கள் இதனை 'ஹார்ட் டிஸ்க் கேஸ்' என்றும் 'என்க்ளோஷர்' என்றும் சொல்வர். பெட்டிக்குள் ஒரு சிறு மின்பலகை உண்டு. வன்தட்டு பேசும் மொழியை யு.எஸ்.பி. மொழிக்கு மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அதுவே. பெட்டியின் வேலை அவ்வளவுதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம். வன்தட்டே பழுதாகியிருந்தால் பெட்டி அதைப் பிழைக்கவைக்காது. 'டிக், டிக்' என்று மாறி மாறி ஒலி வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது, எலும்பு முறிந்தவரை நடக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். உள்ளிருப்பது மிக முக்கியமானதாயின், தரவு மீட்புத் தொழில் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

நாங்கள் முதலில் செய்த தவற்றை மறைக்காமல் சொல்கிறோம். கடைக்குச் சென்று, "ஹார்ட் டிஸ்க் கேஸ் ஒன்று கொடுங்கள் அண்ணாச்சி" என்று கேட்டு, அவர் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்தோம். வீட்டில் வந்து பார்த்தால், பாலர் வகுப்புப் பிள்ளையின் கவுனைப் பத்தாம் வகுப்பு மாணவிக்குப் போட்டது போலாயிற்று! வன்தட்டு பாதிகூட உள்ளே நுழையவில்லை. நல்லவேளையாக அண்ணாச்சி மாற்றிக் கொடுத்தார். அத்தவற்றிலிருந்து கற்றவற்றைக் கீழே தருகிறோம்.

முதலாவது, அளவு. மேசைக் கணினியின் வன்தட்டு '3.5 அங்குலம்' எனப்படும். அளவுகோலால் அளந்தால் அந்த எண் வராது. அது வெறும் பெயரே. உண்மையில் சுமார் 10 செ.மீ. அகலமும் 15 செ.மீ. நீளமும் இருக்கும். மடிக்கணினியினுடையது '2.5 அங்குலம்'; சுமார் 7 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம். இதில் தடிமனையும் பார்க்க வேண்டும். 7 மி.மீ., 9.5 மி.மீ. என இருவகை மிகுதி. மெல்லிய வன்தட்டுக்கான பெட்டியில் தடித்தது நுழையாது. வன்தட்டைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே சிறந்த வழி.

இரண்டாவது, இணைப்பு. 2003-ஆம் ஆண்டிற்குப் பின் படிப்படியாகப் பரவியது 'சாட்டா' இணைப்பு. வன்தட்டின் ஓரத்தில் சிறிதும் பெரிதுமாக இரண்டு தட்டையான வாய்கள் இருந்தால் அது சாட்டா. இரு வரிசை ஊசிகள் நிறைந்த அகலமான வாய் இருந்தால் அதற்கும் முந்தைய ஐ.டி.இ. வகை; அதற்கு வேறு பெட்டி வேண்டும். புதிய மடிக்கணினிகளில் 'எம்.2' என்னும் எஸ்.எஸ்.டி. பலகை இருக்கும்; பார்வைக்குச் சூயிங்கம் பட்டை போன்றது. பெரும்பாலும் 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் உடையது. இதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு சாதிகள் உண்டு. தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். குணத்தில் வேறு வேறு. ஒன்றின் பெட்டி மற்றொன்றைப் படிக்காது. இரண்டையும் ஏற்கும் பெட்டிகளும் உள்ளன. அட்டையில் எழுதியிருப்பதை நின்று நிதானமாக வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். 2.5 அங்குல வன்தட்டு 5 வோல்ட்டில் ஓடும், யு.எஸ்.பி. கம்பியே அதைத் தந்துவிடும். 3.5 அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட்டும் தேவை, யு.எஸ்.பி. அதைத் தராது. ஆகவே தனி அடாப்டருடன் வரும் பெட்டியையே வாங்க வேண்டும். அடாப்டர் இல்லாத பெட்டியை விலை மலிவு என்று வாங்கினால், வன்தட்டு மேசைமேல் காகிதம் பறக்காமல் காக்கும் கல்லாகத்தான் பயன்படும்.

நான்காவது, வேகம். யு.எஸ்.பி. 2.0 என்பது 2000-ஆம் ஆண்டில் வந்தது. 2008-இல் வந்த 3.0, கணக்குப்படி அதைவிடப் பத்து மடங்கு வேகமுடையது. நடைமுறையில் 2.0 வழியாக விநாடிக்குச் சுமார் 35 மெகாபைட் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். 180 ஜிகாபைட்டை நகலெடுக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். 3.0 வழியாக ஒரு பழைய வன்தட்டு விநாடிக்கு 90 மெகாபைட் தந்தாலும் 33 நிமிடங்களே. மின்தடை எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் இந்த ஒரு மணி நேர வித்தியாசம் சிறிதன்று. பெட்டி, கம்பி, கணினியின் துளை ஆகிய மூன்றும் 3.0 ஆக இருந்தால்தான் முழு வேகம் கிடைக்கும். பெரும்பாலும் துளையின் உள்ளே நீலநிறம் இருப்பதைக் கொண்டு அடையாளம் காணலாம்.

ஐந்தாவது, உடல். சுழலும் வன்தட்டும் என்.வி.எம்.இ. பலகையும் சூடாகும். அலுமினியப் பெட்டி சூட்டை வெளியே இழுத்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு அதுவே ஏற்றது. ஆறாவது, கொள்ளளவு. பழைய பெட்டிகள் சில 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டை அறியா. இதையும் அட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயன்படுத்தும் முறை

கணினியைத் திறக்குமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். கணினியின் உலோக உடலை ஒருமுறை தொட்டால், நம் உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்கிவிடும். கழற்றும் திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வைக்க வேண்டும்; இல்லையேல் பெருக்கும்போதுதான் அவை அகப்படும். வன்தட்டின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. உள்ளே படிக்கும் முனை, தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் பருமனோ பல பத்தாயிரம் நானோமீட்டர். அந்த இடத்தில் ஒரு தூசி புகுந்தால் பாதையில் பாறை விழுந்ததற்குச் சமம்.

பெட்டியை இணைத்தபின் கணினி சில சமயம், "இந்த வட்டை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று மரியாதையாகக் கேட்கும். "ஆம்" என்று சொல்லிவிடாதீர்கள்! வீட்டைப் பெருக்கலாமா என்று கேட்டுவிட்டு, வீட்டிலுள்ளவற்றை எல்லாம் வெளியே கொட்டுவது போன்றது அது. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். எங்கள் கணினியோ, ஒரு கோப்புறையைத் திறந்ததும் "இதைப் பார்க்க உங்களுக்கு உரிமையில்லை" என்றது. எங்கள் வீட்டுப் படத்தைப் பார்க்க எங்களுக்கே உரிமையில்லையாம்! பழைய கணினியில் வேறு பெயரில் நுழைந்து சேமித்ததால் வந்த கேள்வி அது. 'தொடர்க' என்னும் பொத்தானை அழுத்தியதும் வழிவிட்டது.

உள்ளே இருப்பவற்றை முதலில் வேறிடத்திற்கு நகலெடுக்க வேண்டும், வெட்டி ஒட்டலாகாது. வேலை முடிந்ததும் 'பாதுகாப்பாக நீக்கு' என்னும் கட்டளையைக் கொடுத்த பிறகே கம்பியை எடுக்க வேண்டும். எழுதி முடித்தது போலத் தோன்றினாலும் கணினி இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். மடிக்கணினியோடு பல நாள் பயன்படுத்துவதாயின் வன்தட்டு சுழலும்போது அதைத் தூக்கவோ கட்டிலின்மேல் வைக்கவோ கூடாது.

கொள்ளளவைப் பார்த்து ஏமாந்துவிட்டோமோ என்று அஞ்ச வேண்டாம். எங்கள் வன்தட்டின்மேல் 500 ஜிகாபைட் என்றிருந்தது. திரையில் 465 என்று காட்டியது. தயாரிப்பாளர் ஒரு ஜிகாபைட்டை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் அதனை 107,37,41,824 பைட் என்று எண்ணுகிறது. வகுத்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும். கணக்கு ஆசிரியைக்கு இதைக் காட்டியபோது மிகவும் மகிழ்ந்தார்கள்.

அன்று மாலை அக்காவின் மடிக்கணினியில் அந்தப் பதிவு ஓடியது. "இதையெல்லாமா புடிக்கிற?" என்ற குரல் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு அம்மா ஓடிவந்தார்கள். அப்பா பேப்பரை முகத்திற்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று நிமிடங்கள் யாரும் பேசவில்லை.

பெட்டி வேறு, பெட்டகம் வேறு

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் அது பாதி உண்மையாகவே இருந்திருக்கும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி உண்டு. கணினியில் இடமில்லை என்று படங்கள் அனைத்தையும் பெட்டிக்கு மாற்றி, கணினியிலிருந்து அழித்துவிட்டார்கள். ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தம்பி கம்பியில் கால் தடுக்கி விழுந்தான். பெட்டியும் விழுந்தது. தம்பிக்கு முழங்காலில் சிராய்ப்பு. அது ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. படங்கள் மட்டும் திரும்பவில்லை.

இவ்விரு வீட்டுக்கும் வேறுபாடு என்ன? பெட்டியின் தரமா? இல்லை. ஒன்றே ஒன்றாக வைத்ததுதான் குற்றம். எங்கள் ஆச்சியின் குரலும் பல ஆண்டுகள் ஒன்றே ஒன்றாகத்தான் இருந்தது. நாங்கள் தப்பியது திறமையால் அன்று, நல்ல காலத்தால்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: பெட்டி ஒரு பாலம், அது பெட்டகம் அன்று. பழைய வன்தட்டிலுள்ளதைக் கரைசேர்க்க அது உதவும். கரைசேர்த்தபின் ஒன்றை இரண்டாக்கி, இரண்டையும் இரு வீட்டில் வைப்பதே காப்பு. 'மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில்' என்னும் 3-2-1 விதியைப் புகைப்படக்காரர்களும் கணினித் துறையினரும் பின்பற்றுகின்றனர். நாங்களும் அவ்வாறே செய்தோம். அக்காவின் மடிக்கணினியில் ஒன்று. பழைய வன்தட்டில் ஒன்று. புதிதாக வாங்கிய சிறு வன்தட்டில் மற்றொன்று. மூன்றாவது மதுரையில் சித்தி வீட்டுப் பீரோவில் இருக்கிறது. எங்கள் தெருவில் மீண்டும் வெள்ளம் வந்தாலும் மதுரைக்கு வரவேண்டும் அல்லவா?

வைத்ததோடு மறந்துவிடவும் கூடாது. பெட்டியின்மேல் காகிதம் ஒட்டி, உள்ளே இருப்பதையும் நகலெடுத்த நாளையும் எழுத வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை இணைத்து, சில படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். எஸ்.எஸ்.டி. வகையை மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் மூடி வைத்தால் உள்ளிருப்பது மெல்ல மங்கிப்போகலாம்.

சிலர் கேட்கும் கேள்விகள்

"கைபேசியில் கிளவுட் இருக்கிறதே! இந்தப் பெட்டி எதற்கு?" என்று சிலர் கேட்பர். கிளவுட் நல்லதே, மூன்றாவது பிரதியை அங்கே வைப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகாபைட் மட்டுமே. 2021-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தொட்டுப் படங்களும் அக்கணக்கில் சேர்கின்றன. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கை நீக்கலாம் என்பதும் அவர்கள் விதி. மறைந்த தாத்தாவின் கணக்கில் இருக்கும் படங்களுக்கு யார் பொறுப்பு? வாடகை வீடும் வேண்டும்தான். சொந்தமாக ஒரு மூலையும் வேண்டும்.

"மூடி முத்திரையிட்ட வெளி வன்தட்டு கடையில் கிடைக்கிறதே; வெறும் பெட்டி எதற்கு?" என்றும் கேட்பர். அதுவும் வாங்கலாம். ஆனால் அவற்றுள் சிலவற்றில் யு.எஸ்.பி. வாய் வன்தட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாய் உடைந்தால் வேறு பெட்டியில் மாற்ற வழியில்லை. தனிப் பெட்டியோ, கெட்டால் பெட்டியை மட்டும் மாற்றிவிடலாம்.

"பழைய கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்போருக்கு ஒரு வார்த்தை. கணினியைத் தாராளமாகக் கொடுங்கள். வன்தட்டைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். அதில் ஆதார் நகலும் வங்கிப் புத்தகத்தின் படமும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்களும் இருக்கும். 'அழி' என்ற பொத்தானை அழுத்தினால் அவை உண்மையில் அழிவதில்லை. பட்டியலிலிருந்து பெயர் மட்டுமே நீங்குகிறது. அவை யார் கைக்குப் போகும் என்று பெற்றோர் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். எஞ்சிய பாகங்களையும் குப்பையில் எறியலாகாது. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள், 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை.

மற்றொன்று: எல்லாக் கணினிக்கும் இந்த வழி உதவாது. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்புச் சில்லு பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. இன்னும் சிலவற்றில் உள்ளிருப்பது பூட்டப்பட்டிருக்கும். மீட்புச் சாவி எண் இல்லாமல் எந்தப் பெட்டியில் போட்டாலும் திறக்காது. ஆதலால் கணினி உயிரோடு இருக்கும்போதே நகலெடுத்து, அந்தச் சாவி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைப்பதே அறிவுடைமை. வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

திருப்புளி யார் கையில்?

முடிக்குமுன் தோழியருக்கு ஒன்று. எங்கள் வீட்டில் வன்தட்டைக் கழற்றத் தொடங்கியபோது, "எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்று அப்பா கேட்டார்கள். அந்தத் தம்பி ஆறாம் வகுப்பு! ஆண்பிள்ளை என்பதே அவன் தகுதி. அப்பா தவறாக எண்ணிச் சொல்லவில்லை. பழக்கத்தால் வந்த சொல் அது. நாங்களோ இயற்பியலில் மின்னோட்டம் படிக்கிறோம். மிக்ஸி ஜாடியின் பிளேடைக் கழற்றி மாட்டுகிறோம். தையல் இயந்திரத்தின் பாபினைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்துகிறோம். நான்கு திருகாணிகளைக் கழற்ற மாட்டோமா? கழற்றினோம். அக்கா பிடித்துக்கொள்ள, தங்கை டார்ச் அடிக்க, பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இப்போது தெருவில் கணினி சம்பந்தமாக யார் கேட்டாலும், "எங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்" என்று அப்பாவே சொல்கிறார்கள்.

ஒரு குடும்பத்தின் நினைவுகளைப் பெரும்பாலும் காத்து வருபவர்கள் தாய்மார்களே. எந்தப் பிள்ளை எப்போது நடந்தது, எந்தப் படம் எந்தத் திருநாளில் எடுத்தது என்பது அவர்களுக்கே தெரியும். அந்நினைவுகள் கணினிக்குள் போனதும், அவற்றின் சாவி மட்டும் நம் கையைவிட்டுப் போவது நியாயமா? திருப்புளியைக் கையில் எடுக்க நாம் கூச வேண்டுவதில்லை.

எங்கள் விண்ணப்பம்

தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்களுக்கும் பணிவுடன் ஒரு விண்ணப்பம். நம் பள்ளி அலுவலகக் கணினியிலும் ஆண்டு விழாப் படங்களும் விளையாட்டு விழாப் படங்களும் பல ஆண்டுகளாகச் சேர்ந்துள்ளன. பள்ளியை விட்டுச் சென்ற அக்காமார் பலருடைய சிறுவயது முகங்கள் அவற்றில் உண்டு. அவற்றிற்கு இரண்டாவது பிரதி ஒன்று வேறு கட்டடத்தில் இருக்குமாறு செய்ய வேண்டுகிறோம். கணினி வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினால், பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்களே அந்த வேலையைச் செய்து கொடுப்போம். அப்படியே ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுச் செல்வோம்.

பெற்றோர்களே! உங்கள் வீட்டுப் பரண்மேல் பழைய கணினி ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? பழைய சாமான்காரரின் மணியோசை கேட்குமுன் அதை ஒருமுறை கீழே இறக்குங்கள். உங்கள் மகளிடம் ஒரு திருப்புளியைக் கொடுங்கள். உள்ளே யாருடைய குரல் காத்துக்கொண்டிருக்கிறது என்று யார் அறிவார்?

சென்ற கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் ஆச்சி சொன்ன பக்குவப்படியே முந்திரிக்கொத்து செய்தோம். பாகு பதம் மட்டும் சற்றுத் தவறிவிட்டது. அதற்கென்ன? மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம் அல்லவா!